முதியவர்களின் அறுவை சிகிச்சையும் தூக்க மருந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் மருத்துவமனை வார்டுகளில் தாதியாகப் பணியாற்றிய காலத்திலும், அதன் பிறகு அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும்போதும், என் காதில் மீண்டும் மீண்டும் விழுந்த ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்குத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எந்த மருந்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த முடிவுக்குத் தேவையான விவரங்களில் பாதி உங்களிடம்தான் இருக்கின்றன.

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முதல் நாள் எங்களோடு பேசினார். இரண்டாம் நாள் இரவிலிருந்து என்னையே யார் என்று கேட்கிறார். மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லையா?

பெரும்பாலும் அது காரணமாக இருக்காது. அறுவை சிகிச்சையின்போது தரப்படும் மயக்க வாயுக்களும் புரோபோஃபால் போன்ற ஊசி மருந்துகளும் சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கத் தொடங்கிவிடும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் ஓரிரு நாள் கழித்துத் தடுமாறுகிறார் என்றால், அது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் மூன்று நாட்களில்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும். மணிக்கு மணி மாறுவதும், கவனம் ஒன்றில் நிலைக்காமல் சிதறுவதும் இதன் முக்கிய அடையாளங்கள். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெரியவர், "சங்கு ஊதிருச்சு, நேரமாகுது" என்று இரவெல்லாம் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். காலையில் மகள் வந்தபோது தெளிவாகப் பேசிக் கோப்பி கேட்டார். மாலையில் மறுபடியும் பட்டறைக்குப் புறப்பட்டுவிட்டார்.

இது வயதானவர்களின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. உடனே தாதியிடம் சொல்லுங்கள். நோய்த்தொற்று, ரத்தத்தில் சோடியம் அல்லது ஆக்சிஜன் குறைவு, சர்க்கரை ஏற்ற இறக்கம், சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலச்சிக்கல், தீராத வலி, மருந்து என்று பல காரணங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கக்கூடும். இவற்றுள் நாம் நேரடியாக மாற்றக்கூடியது மருந்து என்பதால்தான் இந்தப் பக்கத்தில் அதைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

அப்படியானால் இது முதுமைமறதி நோயின் தொடக்கமா?

டெலிரியமும் முதுமைமறதியும் வெவ்வேறு. முதுமைமறதி மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல வளரும். டெலிரியம் சில மணி நேரத்திலோ நாட்களிலோ திடீரென வரும். எனினும் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஏற்கெனவே நினைவாற்றல் குறையத் தொடங்கியவர்களுக்கு டெலிரியம் எளிதில் வருகிறது. அதுவரை வீட்டில் யாரும் கவனிக்காத மறதி அறுவை சிகிச்சைக்குப் பிறகு வெளிச்சத்துக்கு வருவதும் நடக்கிறது. டெலிரியம் கடுமையாக வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நினைவாற்றல் குறையும் வாய்ப்பும் கூடுதல்.

டெலிரியம் தெளிந்த பிறகும், சிலருக்குக் கணக்குப் பார்ப்பது, பெயர்களை நினைவில் வைப்பது, ஒரு வேலையைத் தொடர்ச்சியாகச் செய்வது ஆகியவற்றில் மந்தம் நீடிக்கலாம். இதை 1955ஆம் ஆண்டிலேயே லான்செட் மருத்துவ இதழில் பெட்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதினார். 1998இல் அதே இதழில் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, இதயம் அல்லாத பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 60 வயதைக் கடந்த 1,218 பேரைப் பரிசோதித்தது. ஒரு வாரம் கழித்து 25.8 விழுக்காட்டினரிடமும், மூன்று மாதம் கழித்து 9.9 விழுக்காட்டினரிடமும் அறிவாற்றல் குறைவு தென்பட்டது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத ஒப்பீட்டுக் குழுவில் மூன்று மாத அளவு 2.8 விழுக்காடு. அதே நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இரு தரப்புக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய மறைந்திருந்தது. எனவே இது உண்மையான சிக்கல்தான். ஆனாலும் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

அம்மா கூச்சல் போடவில்லை, குழாயைப் பிடுங்கவில்லை. அமைதியாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறார். நல்ல ஓய்வுதானே?

இந்தக் கேள்விதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. டெலிரியத்தில் அமைதியான வகை ஒன்று உண்டு. முதியவர்களிடம் அதுவே அதிகம் காணப்படுகிறது. கூப்பிட்டால் கண் திறப்பார், ஒரு வார்த்தை சொல்வார், பாதியில் மீண்டும் கண்ணை மூடிக்கொள்வார். ஊட்டிய கஞ்சி வாயிலேயே இருக்கும். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் வார்டிலும் கண்ணுக்குத் தப்பிவிடும். சரியாகச் சாப்பிடாமலும் நடமாடாமலும் கிடப்பதால் நுரையீரல் தொற்றும் படுக்கைப் புண்ணும் இவர்களைத் தேடி வருகின்றன.

அவருடைய வழக்கமான சுறுசுறுப்பு உங்களுக்குத்தான் தெரியும். "இது என் அம்மாவின் இயல்பு இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மருத்துவர்கள் டெலிரியத்தைக் கணிக்கப் பயன்படுத்தும் முறைகளிலேயே, இயல்பிலிருந்து திடீரென மாறியிருக்கிறாரா என்பதும் ஒரு கேள்வி. அதற்கு விடை சொல்லக் கூடியவர் குடும்பத்தாரே.

மயக்க மருந்து, தூக்க மருந்து, பதற்றத்தைக் குறைக்கும் மருந்து எல்லாம் ஒன்றுதானே? எது மூளையைப் பாதிக்கிறது?

ஒன்றல்ல. அறுவை அரங்கில் மயக்கவியல் மருத்துவர் தரும் மருந்துகளின் அளவை அவர் அருகிலேயே இருந்து நிமிடத்துக்கு நிமிடம் கூட்டிக் குறைக்கிறார். குடும்பங்கள் பெரும்பாலும் அஞ்சுவது இவற்றுக்குத்தான். நான் அதிகம் அஞ்சுவது, அதற்கு முன்னும் பின்னும் வீட்டிலும் வார்டிலும் தரப்படும் மருந்துகளுக்கு.

முதல் வகை பென்சோடயசிபைன் குடும்பம்: டயசிபாம், லோராசிபாம், அல்ப்ராசோலம், மிடாசோலம் போன்றவை. மூளையின் இயக்கத்தை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் செயலை இவை பெருக்குகின்றன. அதனால் பதற்றம் தணியும், தூக்கம் வரும். கூடவே புதிய நினைவு பதிவதும் தடைபடும். வயதாக ஆக உடலில் கொழுப்பின் பங்கு கூடுகிறது, கல்லீரல் மருந்தைச் சிதைக்கும் வேகம் குறைகிறது. டயசிபாம் எண்பது வயதினரின் உடலிலிருந்து பாதியளவு வெளியேறவே மூன்று நாட்களுக்கு மேல் ஆகலாம். தினமும் ஒரு மாத்திரை என்றால், நேற்றையது போகும் முன் இன்றையது சேர்ந்துவிடுகிறது. சோல்பிடெம் போன்ற புதிய தூக்க மாத்திரைகளும் முதியவர்களிடம் இதே வகைச் சிக்கலை உண்டாக்குகின்றன. இரண்டாம் வகை, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பவை. கவனத்துக்கும் நினைவுக்கும் அது இன்றியமையாதது. பழைய ஒவ்வாமை மாத்திரைகள், அடங்காத சிறுநீருக்கான சில மருந்துகள், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவை இதில் அடங்கும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்துவரும் பியர்ஸ் பட்டியல் 1991இல் முதலில் வெளிவந்தது. 2023இலும் திருத்தப்பட்டது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இவற்றுள் பலவற்றைத் தவிர்க்கும்படி அது பரிந்துரைக்கிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அறுவை அரங்கில் ஒரே ஒரு முறை சிறிதளவு மிடாசோலம் கொடுப்பது பெரிய கேடு என்று அண்மைய ஆய்வுகள் காட்டவில்லை. இதய அறுவை சிகிச்சையின்போது இவ்வகை மருந்தைக் கட்டுப்படுத்திப் பார்த்த பெரிய கனடிய, அமெரிக்க ஆய்விலும் டெலிரியம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆகவே ஒரு வேளை மருந்தைப் பற்றி இரவெல்லாம் கவலைப்படுவதைவிட, நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும் மருந்தைக் கவனிப்பதே முக்கியம் என்பது என் கருத்து.

அம்மா பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தினமும் தூக்க மாத்திரை போடுகிறார். அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே நாங்களே நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீண்ட காலம் பழகிய பென்சோடயசிபைனைச் சட்டென நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, பயங்கரக் கனவு, வலிப்பு ஆகியவற்றோடு டெலிரியமும் வரக்கூடும். எதைத் தவிர்க்க நிறுத்தினீர்களோ அதையே வரவழைத்துக்கொள்வீர்கள். தினமும் மது அருந்துகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கடைசியாகக் குடித்த இரண்டாம், மூன்றாம் நாளில், அதாவது அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் நேரத்தில், அது வெளிப்படும். "அப்பா குடிப்பதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது" என்று கூச்சப்படும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தகவலால் மருத்துவக் குழு முன்கூட்டியே ஆயத்தமாக முடியும்.

திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் பல வாரங்கள் கையில் இருக்கும். மாத்திரை எழுதித் தரும் மருத்துவரிடம் அப்போதே சொன்னால், அளவை அவர் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார். சிங்கப்பூரில் இந்த வகை மருந்துகளை எழுதித் தருவதற்குச் சுகாதார அமைச்சு 2008இல் கண்டிப்பான வழிகாட்டி நெறிமுறைகளை வெளியிட்டது. மருத்துவர் அடிக்கடி கேள்வி கேட்பதற்கும், கேட்ட அளவு தர மறுப்பதற்கும் அதுவும் ஒரு காரணம். விழுந்து எலும்பு முறிந்து அவசரமாகச் சேர்த்திருந்தால் குறைக்க நேரம் கிடையாது. வழக்கமாக என்ன அளவு போடுகிறார் என்பதைச் சொல்லிவிட்டு, தொடர்வதா மாற்றுவதா என்பதை அவர்களிடம் விடுங்கள்.

ஊரிலிருந்து வாங்கி வந்த மாத்திரை, சளி மாத்திரை, சூரணம் இதையெல்லாம்கூடவா சொல்ல வேண்டும்? கணினியில் எல்லாம் இருக்குமே?

கணினியில் எல்லாம் இருக்காது. பலதுறை மருந்தகத்திலும் அரசாங்க மருத்துவமனையிலும் தந்த மருந்துகளை அவர்கள் பார்க்க முடியும். திருச்சியிலோ மதுரையிலோ மருந்துக் கடையில் வாங்கி, உறவினர் கையில் கொடுத்தனுப்பிய அல்ப்ராசோலம் எந்தப் பதிவிலும் இராது. அத்தகைய மருந்துகளைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர விதிமுறைகள் இருப்பதால் சிலர் சொல்லத் தயங்குகிறார்கள். மயக்கவியல் மருத்துவர் விசாரிப்பது சிகிச்சைக்காக மட்டுமே. தயங்கி மறைத்தால், மேலே சொன்ன மருந்து நிறுத்த விளைவு வரும்போது யாருக்கும் காரணம் புரியாது.

சளிக்குத் தரும் சிறிய மஞ்சள் மாத்திரையான குளோர்ஃபெனிரமின், தூக்கம் தரும் இருமல் மருந்து, பயண வாந்தி மாத்திரை ஆகியவை முந்தைய பதிலில் சொன்ன இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அமுக்கரா போன்ற மூலிகைச் சூரணமும் தூக்க மருந்துகளின் விளைவைக் கூட்டலாம். பெயர் எழுதிப் பட்டியலிடச் சிரமமாக இருந்தால், அலமாரி, கைப்பை, தலையணை அடி எல்லாவற்றிலும் தேடி, கிடைத்ததை அட்டையோடும் புட்டியோடும் ஒரு பையில் போட்டு முன்பரிசோதனை நாளன்று கொண்டுபோங்கள். ஒரு பாட்டியின் பிஸ்கட் டின்னில் மூன்று வெவ்வேறு கிளினிக்குகளின் உறைகள் இருந்தன. மூன்றிலும் அதே தூக்க மாத்திரை, மூன்று வணிகப் பெயர்களில்.

முதுகில் ஊசி போட்டுச் செய்தால் மூளைக்குப் பாதிப்பு வராது என்கிறார்களே? முழு மயக்கத்தை மறுத்துவிடலாமா?

பலரும் நம்புவது இதுதான், ஆனால் ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தவில்லை. இடுப்பு எலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சையில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் இரண்டு: 1,600 பேரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தது 2021இலும், 950 பேரைக் கொண்டு சீனாவில் நடந்தது 2022இலும் வெளியாயின. இரண்டிலும் டெலிரியத்தின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதயம், நுரையீரல், முதுகெலும்பு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து என வேறு காரணங்களால் ஒருவருக்கு ஒரு முறை பொருத்தமாக இருக்கலாம். அதை மயக்கவியல் மருத்துவர் சொல்வார்.

முதுகு ஊசி போடும்போதும் பலருக்குத் தூக்க மருந்து சேர்த்துத் தரப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. அதை எவ்வளவு குறைவாகத் தரலாம் என்று கேட்பது பயனுள்ள கேள்வி. கால் மரத்துப்போன பிறகு காதில் பாட்டுக் கேட்டபடி விழித்தே இருக்கச் சம்மதிக்கும் பெரியவர்களும் உண்டு.

கண்புரை, பெருங்குடல் உள்நோக்கிச் சோதனை மாதிரி சின்னச் சிகிச்சைகளுக்கும் இந்த ஆபத்து உண்டா?

மிகக் குறைவு. கண்புரைக்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்வதே போதும். பெருங்குடல் சோதனைக்குத் தரும் தூக்க ஊசியால் அன்று முழுவதும் மந்தமாக இருக்கலாம். அன்றிரவு கழிப்பறைக்குத் தனியாக எழுந்து போகாமல் யாராவது உடனிருங்கள். மறுநாளும் தெளியவில்லை என்றால் அழைத்துச் சொல்லுங்கள்.

வலி மருந்தும் குழப்பத்தைக் கொண்டுவரும் என்கிறார்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது நல்லதா?

இல்லை. அடங்காத வலியே டெலிரியத்துக்கு ஒரு காரணம். பாரசிட்டமாலை வலி வந்த பிறகு கேட்டு வாங்காமல் நேரம் தவறாமல் தருவது, இடுப்பு முறிவுக்குத் தொடை நரம்பைச் சுற்றி மரக்கச் செய்யும் ஊசி போடுவது, தேவைக்கு மட்டும் சிறிய அளவில் மார்ஃபின் வகை மருந்தைச் சேர்ப்பது என்று மருத்துவர்கள் கலந்து தருகிறார்கள். பெத்திடின் என்ற மருந்தை மட்டும் முதியவர்களுக்குத் தவிர்ப்பது நல்லது என்பதில் ஒத்த கருத்து நிலவுகிறது.

நம் பெரியவர்களில் பலர், "வலிக்குதா" என்றால் "பரவாயில்லை" என்பார்கள். புரண்டு படுக்கும்போது முகம் சுளிக்கிறாரா, உட்காரவைத்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாரா என்று பார்த்து நீங்கள் சொல்லுங்கள்.

இரவில் எழுந்து ஊசிக் குழாயைப் பிடுங்கினார். தூங்க ஒரு ஊசி போடுங்கள் என்று கெஞ்சினோம். தாதி மறுத்துவிட்டார். இது இரக்கமில்லாத செயல் இல்லையா?

உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அந்தத் தாதி செய்தது சரி. டெலிரியத்தில் இருப்பவருக்குத் தூக்க ஊசி போட்டால், ஆட்டம் அடங்குவதுபோலத் தோன்றும். குழப்பம் உள்ளே தொடரும், பல நேரங்களில் நீளவும் செய்யும். பிறகு அது மேலே சொன்ன அமைதியான வகையாக மாறி, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மூச்சு மந்தமாவது, எழும்போது விழுவது என்ற ஆபத்துகள் தனி.

முதலில் காரணத்தைத் தேட வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பி வலிக்கிறதா, காய்ச்சலா, தாகமா? தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலை வந்தால் மட்டும், மிகக் குறைந்த அளவில், சில நாட்களுக்கு ஹாலோபெரிடோல் போன்ற மருந்தை மருத்துவர் பரிசீலிப்பார். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு அந்த மருந்து ஆகாது; அந்த நோய் இருந்தால் முதல் நாளே அழுத்திச் சொல்லிவிடுங்கள். மதுவையோ பழகிய தூக்க மாத்திரையையோ நிறுத்தியதால் வரும் டெலிரியம் மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பென்சோடயசிபைனே சிகிச்சை. தீவிர சிகிச்சைப் பிரிவில் டெக்ஸ்மெடெடோமிடின் என்ற வேறு வகை மருந்து பயன்படுகிறது. 2016இல் வெளியான ஒரு சீன ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் அதைச் சிறிதளவு பெற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 23 விழுக்காட்டினருக்கும் டெலிரியம் வந்தது. ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் குறையக்கூடும் என்பதால் சாதாரண வார்டில் கேட்டுப் பெறக்கூடிய மருந்து அல்ல அது.

எங்கள் பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். தாதியோ பிலிப்பீன்ஸ்காரர். குழப்பத்தில் இருக்கிறாரா, மொழி புரியவில்லையா என்று எப்படித் தெரியும்?

சிங்கப்பூர் வார்டுகளில் இது அன்றாடச் சிக்கல். கவனத்தைச் சோதிக்க, டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். ஒரு பாட்டி திருதிருவென விழித்தார். "பங்குனிக்கு முன்னே என்ன?" என்று தமிழில் கேட்டதும், மாசி, தை, மார்கழி என்று சித்திரைவரை தடங்கலின்றிச் சொல்லி முடித்தார். அவருக்குக் குழப்பமே இல்லை. நேர்மாறாக, சிரித்துத் தலையாட்டிக்கொண்டே இருந்ததால் "நன்றாக இருக்கிறார்" என்று எழுதப்பட்டவர் ஆழ்ந்த குழப்பத்தில் இருந்ததையும் கண்டிருக்கிறேன்.

ஆகவே மருத்துவர் சுற்றி வரும் காலை நேரத்தில் தமிழ் பேசும் ஒருவர் அருகில் இருக்க முயலுங்கள். முடியாவிட்டால் தொலைபேசியில் இணைந்துகொள்ளுங்கள், அல்லது தமிழ் தெரிந்த தாதியை அனுப்பக் கேளுங்கள். மொழிபெயர்க்கும்போது பாட்டிக்காக நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள். தவறான விடையையும் தவறாகவே சொல்லுங்கள். அதுதான் மருத்துவருக்குத் தேவை.

மருந்து வேண்டாம் என்றால் நாங்கள் என்னதான் செய்வது?

நிறையச் செய்யலாம். 1999இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷேரன் இனோய் குழுவினர், மருத்துவ வார்டில் சேர்ந்த முதியவர்கள் 852 பேரைக் கவனித்தனர். வழக்கமான பராமரிப்பில் 15 விழுக்காட்டினருக்கு டெலிரியம் வந்தது. நடக்கவைப்பது, தண்ணீர் கொடுப்பது, கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டுவிடுவது, நாளும் இடமும் சொல்வது, இரவில் மருந்தின்றித் தூங்க உதவுவது ஆகியவற்றைச் செய்த வார்டில் அது 9.9 விழுக்காடு. இங்கும் டான் டோக் செங் மருத்துவமனை, டெலிரியம் வந்த முதியவர்களுக்கென ஐந்து படுக்கைகள் கொண்ட தனிப்பிரிவை 2010இல் தொடங்கியது. மாலையில் பிரகாசமான விளக்கொளி தருவதும் அங்குச் சிகிச்சையின் ஒரு பகுதி.

நீங்கள் செய்ய வேண்டியவற்றில் முதலாவது மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் ஆகிய மூன்றையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. தொலைந்துவிடும் என்று பயந்து வீட்டிலேயே பூட்டிவைக்கிறார்கள்; பெயர் ஒட்டிக் கொடுத்தால் போதும். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் விடுங்கள். ஒலி 96.8 வானொலியைச் சிறிது நேரம் மெல்ல வையுங்கள். இரவில் கைப்பேசியை அணைத்துவிட்டு இதமான பாலைக் கொடுங்கள். பட்டறைக்குப் போகவேண்டும் என்று அவர் சொன்னால், வாதிடாமல், "இன்னிக்கு லீவுப்பா, நாம ஆஸ்பத்திரியில இருக்கோம்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் சூழ்ந்து நின்று "நான் யார் சொல்லுங்க" என்று தேர்வு வைப்பது அவரை அச்சுறுத்தும். பணிப்பெண்தான் இரவில் துணை என்றால், இவற்றையெல்லாம் அவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

எத்தனை நாளில் சரியாகும்? வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

பலருக்குச் சில நாட்களில் தெளிகிறது. சிலருக்கு வாரக்கணக்கில் நீள்கிறது. வீட்டுக்கு வந்ததும் முதலில் மருந்துப் பையைத் திறந்து, வார்டில் புதிதாகத் தொடங்கிய தூக்க மருந்து ஏதேனும் தொடர்கிறதா, எத்தனை நாளுக்கு என்று மருந்தாளரிடம் கேளுங்கள். மருத்துவமனையில் ஒரு வாரத்துக்குத் தந்த மாத்திரை ஆண்டுக்கணக்கில் நீடிப்பது இப்படித்தான். மூன்று மாதம் கழிந்தும் காசு எண்ணுவதிலோ, பழகிய புளோக்குக்கு வழி கண்டுபிடிப்பதிலோ தடுமாற்றம் இருந்தால், நினைவாற்றல் பரிசோதனைக்குப் பரிந்துரை கேளுங்கள். தெளிந்தவர் திடீரென மீண்டும் குழம்பினால், அது புதிய தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பா குழப்பத்தில் இருக்கும்போது வங்கிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கலாமா? எல்பிஏ இப்போது செய்யலாமா?

கூடாது. எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரம், தமக்காக முடிவெடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படைப்பது. அதைச் செய்துகொடுப்பவர், கையெழுத்திடும் நேரத்தில் மனத்தெளிவோடு இருக்க வேண்டும். டெலிரியத்தில் காலையில் தெளிவாகத் தோன்றுபவர் மாலையில் அதை அறவே மறந்திருக்கலாம். முழுவதும் தெளிந்த பிறகு செய்யுங்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால், நாள் குறிக்கும்போதே இதையும் பேசி முடித்துவிடுவது நல்லது.

போன முறை டெலிரியம் வந்தது. இப்போது முழங்கால் மூட்டு மாற்றவேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்புக் கூடுதல்தான். இடுப்பு முறிவைப் போன்ற அவசரத்தில் தள்ளிப்போடுவதே பெரும் தீங்கு. அங்கே நாள் கடத்தக் கூடாது. மூட்டு மாற்று அப்படியல்ல, யோசிக்க அவகாசம் உண்டு. வலியால் நடக்க முடியாமல் வீட்டோடு முடங்குவதும், வலிக்காகவே மாத்திரைகளைக் கூட்டிக்கொண்டு போவதும் நினைவாற்றலுக்கு நல்லதல்ல என்பதையும் தட்டின் மறுபக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செய்வதென்று முடிவானால், முன்பரிசோதனை நாளில் மூன்றைச் சொல்லுங்கள்: சென்ற முறை எந்த நாளில் குழப்பம் தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, அப்போது என்ன மருந்து தரப்பட்டது. பழைய மருத்துவமனையின் வெளியேற்றக் குறிப்பு கையில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். இப்போது நினைவாற்றல் எப்படி இருக்கிறது என்று ஒரு பரிசோதனை செய்து பதிந்து வைக்கவும், முதியோர் மருத்துவர் ஒருவர் முன்கூட்டியே பார்க்கவும் கேளுங்கள். தூக்க மாத்திரையைக் குறைக்கும் முயற்சியை அன்றே தொடங்கினால், அறுவை சிகிச்சை நாள் வருவதற்குள் அதற்குப் போதிய வாரங்கள் கிடைக்கும்.